கடன் அடைக்கப் போன பிள்ளைகள்

2007 ஜூலை 13. தென்கொரியாவின் இஞ்சியோன் விமான நிலையம். கோடை விடுமுறை நேரம். பெட்டியும் பையுமாக வந்து சேர்ந்த ஒரு சபைக் குழு, விமானம் ஏறுவதற்கு முன் படம் எடுத்துக்கொண்டது. இரண்டு விரலை விரித்துக் காட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக நிற்கிறார்கள். பக்கத்தில் ஓர் அறிவிப்பு. ஆப்கானிஸ்தான் பயணத்தைத் தவிருங்கள் என்று அரசு வைத்த எச்சரிக்கை அது. அவர்கள் போகவிருந்தது ஆப்கானிஸ்தானுக்கு.

ஒரு வாரம் முடிவதற்குள் அந்தப் படம் கொரியாவில் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது.

படத்தில் இருந்தவர்கள் சியோலை ஒட்டிய புன்டாங் பகுதியில் உள்ள சேம்முல் பிரஸ்பிட்டேரியன் சபையின் விசுவாசிகள். சேம்முல் என்றால் ஊற்றுநீர். பெரும்பாலும் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தவர்கள். நர்சுகள், ஆசிரியர்கள், அலுவலகத்தில் கோடை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். கொரியாவிலிருந்து கிளம்பியவர்கள் 20 பேர். ஆப்கானிஸ்தானில் மூவர் சேர்ந்துகொள்ள, மொத்தம் 23. பெண்கள் 16, ஆண்கள் 7. ஜூலை 19 அன்று அவர்கள் போன பேருந்தைத் தலிபான்கள் மடக்கினார்கள். 42-ஆம் நாள் கடைசிப் பேர் விடுபட்டபோது, உயிரோடு இருந்தவர்கள் 21.

கொரியர்கள் அந்தப் படத்தைப் பார்த்துக் கொதித்தார்கள். எச்சரிக்கைக்கு முன்னாலேயே நின்று சிரிக்கிறார்களே, இவர்களை மீட்க நாடு ஏன் மண்டியிட வேண்டும் என்று கேட்டார்கள். நான் அந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் திமிர் தெரியவில்லை. வாலிபர் கூட்டத்து முகங்கள் தெரிகின்றன. கிராம ஊழியத்துக்கு வேன் ஏறும் முன் நம் ஊர்ச் சபை வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்கிற அதே முகங்கள். இவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டால் கேட்க வேண்டிய கேள்வி தப்பித்துவிடும். அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகலாம் என்ற தைரியத்தை இந்தப் பிள்ளைகளுக்கு யார் கொடுத்தார்கள்?

ஈஸ்டர் ஞாயிறு, 1885

பதில் தேட இஞ்சியோனை விட்டு நகர வேண்டியதில்லை. காலத்தில் மட்டும் கொஞ்சம் பின்னால் போனால் போதும்.

1885 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜெமுல்போ என்று அப்போது அழைக்கப்பட்ட இஞ்சியோன் துறைமுகத்தில் அமெரிக்கச் சபைகள் அனுப்பிய இரண்டு மிஷனெரிகள் கப்பலிலிருந்து இறங்கினார்கள். பிரஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்த ஹொரேஸ் அண்டர்வுட்டுக்கு 25 வயது. மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த ஹென்றி அப்பன்செல்லருக்கு 27. அதற்கு 19 ஆண்டுகள் முன்பு, 1866-ல், வேதாகமத்தோடு ஓர் அமெரிக்கக் கப்பலில் பியோங்யாங் வரை வந்த ராபர்ட் தாமஸ் என்ற வேல்ஸ் நாட்டு இளைஞர் அங்கேயே கொல்லப்பட்டிருந்தார். அவரும் இருபதுகளில் இருந்தவர்தான். அது தெரிந்துதான் இவர்கள் வந்தார்கள்.

வந்தவர்கள் திரும்பிப் போக வரவில்லை. மொழி கற்றார்கள். பள்ளி திறந்தார்கள். அப்பன்செல்லரின் பேஜே பள்ளி கொரியாவின் முதல் நவீனப் பள்ளிகளில் ஒன்று. அண்டர்வுட் தொடங்கிய கல்லூரிதான் பிற்பாடு யோன்சே பல்கலைக்கழகமாக வளர்ந்தது. மேட்டுக்குடிகள் ஒதுக்கி வைத்திருந்த ஹங்குல் எழுத்தில் வேதாகமம் வர உழைத்தார்கள். சாதாரணப் பெண்களும் படிக்கத் தெரிந்துகொண்டதில் அந்தப் புத்தகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அப்பன்செல்லர் 1902-ல், வேதாகம மொழிபெயர்ப்புக் கூட்டத்துக்குப் போகும் வழியில் கப்பல் விபத்தில் இறந்தார். கொரியாவில் அவர் கழித்தது 17 ஆண்டுகள்.

சியோலில் ஹான் ஆற்றங்கரையில் யாங்ஹ்வாஜின் என்ற இடத்தில் வெளிநாட்டு மிஷனெரிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே ரூபி கெண்ட்ரிக் என்ற பெண்ணின் கல்லறையும் உண்டு. டெக்சாஸ் மெதடிஸ்ட் வாலிபர் சங்கத்தின் ஆதரவோடு 1907-ல் வந்தவர். ஓராண்டு நிறைவதற்குள், 1908-ல், 25 வயதில் நோயில் இறந்துபோனார். எனக்கு ஆயிரம் உயிர் இருந்தால் அத்தனையும் கொரியாவுக்கே என்ற பொருளில் அவர் கல்லறையில் பொறித்திருக்கிறார்கள். கொரிய வாலிபர் கூட்டங்களில் இந்தக் கதை தெரியாத பிள்ளை இருக்காது.

இந்தக் கல்லறைகளுக்கு முன் நின்று கொரியச் சபைகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு வார்த்தை உண்டு: சுவிசேஷக் கடன். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் தன்னைக் கடனாளி என்று சொல்லிக்கொள்கிறாரே, அந்தக் கடன். நம் தாத்தா பாட்டி அறியாமையில் இருந்தபோது யாரோ ஒரு பெண் கப்பலேறி வந்து செத்துப்போனாள். அதனால்தான் நாம் இன்று இங்கே இருக்கிறோம். இந்தக் கடனை நாம் இன்னொரு நாட்டில் அடைக்க வேண்டும். இதுதான் பாடம். கொரியப் போர் இந்தக் கடனை இன்னும் கனமாக்கியது. 1950-ல் வேர்ல்ட் விஷனும் 1952-ல் கம்பேஷன் அமைப்பும் பிறந்ததில் கொரியப் போரின் அநாதைப் பிள்ளைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்நியச் சபைகள் அனுப்பிய உணவில் பசியாறிய தலைமுறை, பிறகு கார் செய்து கப்பல் கட்டிச் செழித்தபோது, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கத் துடித்தது. இதில் பொய் எதுவும் இல்லை. மிக நல்ல மனசு அது. இந்தக் கதையில் வலிக்கிற இடமும் அதுதான்.

93 பேரிலிருந்து

1979-ல் கொரியச் சபைகள் வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்த மிஷனெரிகள் 93 பேர். 2000-களின் நடுவில் அது பதினையாயிரத்தை ஒட்டிவிட்டது. அமெரிக்காவுக்கு அடுத்த இடம். நாட்டு மக்களில் புராட்டஸ்டன்டுகள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு நாடு, நூற்றாண்டுகள் பழைய ஐரோப்பியச் சபைகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

இடையில் நடந்தவை பல. யோய்டோ முழுச் சுவிசேஷ சபையின் பால் யாங்கி சோ பெயர் தமிழ்நாட்டுப் பெந்தெகொஸ்தே மேடைகளிலும் ஒலித்த பெயர். உலகின் ஆகப் பெரிய சபை அவருடையதாக இருந்தது. விடியுமுன் எழுந்து சபைக்குப் போய் ஜெபிக்கும் அதிகாலை ஜெபம் கொரியச் சபையின் அடையாளம். 1989-ல் கொரிய அரசு வெளிநாட்டுப் பயணக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அதுவரை சாதாரணக் குடிமகனுக்குப் பாஸ்போர்ட் எளிதில் கிடைக்காது. கதவு திறந்ததும் சபை வாலிபர்கள் கோடை விடுப்பில் கிளம்பினார்கள். ஒரு வாரம், பத்து நாள், இரண்டு வாரம். இதற்கு 'தாங்கி சொன்கியோ' என்று பெயர். குறுகிய கால மிஷன் என்று அர்த்தம்.

இந்தப் பயணம் எப்படி நடக்கும் என்பது நம் சபைப் பிள்ளைகளுக்கும் அந்நியமில்லை. சில வாரங்கள் கூடிப் பயிற்சி. போகிற நாட்டு மொழியில் இரண்டு பாட்டு மனப்பாடம். ஒரு சின்ன நாடகம். குழந்தைகளுக்குப் பலூன், முகத்தில் வண்ணம் தீட்டுதல், முடிவெட்டுதல். நர்ஸ் இருந்தால் இரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுப்பார்கள். டேக்வாண்டோ தெரிந்த பையன் இருந்தால் ஒரு நிகழ்ச்சி. ஒரே நிறத்தில் சட்டை. இரவு கூடிச் சாட்சி சொல்லி அழுவார்கள். சொந்தச் சம்பளத்திலிருந்தும் சபைக் காணிக்கையிலிருந்தும் செலவு. திரும்பி வந்ததும் ஞாயிறு ஆராதனையில் படம் காட்டுவார்கள். அந்தப் பத்து நாளில் தன் வாழ்க்கையே மாறிவிட்டது என்று சொல்லும் பிள்ளை உண்மையைத்தான் சொல்கிறது.

ஆனால் அந்தச் சாட்சியின் எழுவாயைக் கவனியுங்கள். மாறியது போனவரின் வாழ்க்கை. பலூன் வாங்கிய குழந்தையின் வாழ்க்கை என்ன ஆனது?

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் ஒருவர் உண்டு. குர்ட் வெர் பீக் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். அப்போது கால்வின் கல்லூரி ஆசிரியர், ஹோண்டுராஸ் நாட்டில் நெடுங்காலம் குடியிருப்பவர், தானும் விசுவாசி. 1998-ல் மிட்ச் புயலில் வீடிழந்த ஹோண்டுராஸ் மக்களுக்கு வட அமெரிக்கச் சபைக் குழுக்கள் விமானமேறி வந்து வீடு கட்டிக் கொடுத்தன. குழுவின் பயணச் செலவையும் சேர்த்தால் ஒரு வீட்டுக்கு 30,000 டாலர். உள்ளூர் ஆட்கள் கட்டினால் 2,000 டாலர். வெளிநாட்டார் கட்டிய வீட்டில் குடியேறியவர்களும் உள்ளூர்க்காரர் கட்டிய வீட்டில் குடியேறியவர்களும் ஒன்றுபோலத்தான் வாழ்ந்தார்கள். அதைவிட முக்கியம், கட்டப் போன வாலிபர்கள் ஊர் திரும்பிய பிறகு அவர்களுடைய காணிக்கையிலும் ஜெபத்திலும்கூட நிலைத்த மாற்றம் பெரிதாக இல்லை. மேலே உள்ள சாட்சிகளோடு இதையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஹோண்டுராசில் நஷ்டம் பணத்தோடு போயிற்று. ஆப்கானிஸ்தான் அப்படிப்பட்ட இடமில்லை.

கஜினி சாலை

அந்த மண் ஏற்கெனவே எத்தனை முறை எச்சரித்திருந்தது என்று பாருங்கள். 2001 ஆகஸ்டில், கிறிஸ்தவத்தைப் பரப்பினார்கள் என்று காபூலில் ஒரு தொண்டு நிறுவனத்தின் வெளிநாட்டு ஊழியர்கள் எட்டுப் பேரைத் தலிபான் கைது செய்தது. அதில் இரண்டு அமெரிக்க இளம்பெண்கள். ஒருவருக்கு 24 வயதுதான். அந்த நவம்பரில் அவர்களை அமெரிக்க ஹெலிகாப்டர் வந்து ஏற்றிக்கொண்டு போனதை உலகமே பார்த்தது. அவர்களோடு கைதான 16 ஆப்கான் ஊழியர்களை எத்தனை பேர் நினைத்தார்கள்? 2006 மார்ச்சில், கிறிஸ்தவனாக மாறிய ஓர் ஆப்கானியனுக்கு மரண தண்டனை கிடைக்கும் நிலை வந்து, இத்தாலி அடைக்கலம் கொடுத்துக் காப்பாற்றியது. அதே ஆண்டு ஆகஸ்டில், காபூலில் சமாதானத் திருவிழா நடத்தப் போன ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொரியக் கிறிஸ்தவர்களை, குழந்தைகுட்டிகளோடு, ஆப்கான் அரசே திருப்பி அனுப்பியது. 2007 பிப்ரவரியில் பக்ராம் அமெரிக்கப் படைத்தளத்து வாசலில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் ஒரு கொரியச் சிப்பாய் இறந்தார்.

இவ்வளவும் நடந்து ஐந்து மாதத்தில் இந்தக் குழு போய் இறங்கியது. அந்த ஆண்டு கொரியச் சபைகளுக்கு நூற்றாண்டு விழா ஆண்டு வேறு. 1907-ல் பியோங்யாங்கில் நடந்த பெரிய எழுப்புதலை நாடெங்கும் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். சுவிசேஷக் கடனைப் பற்றிய பேச்சு அதிகமாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வடக்கே மஜார்-இ-ஷெரீப்பில் சில நாள் தங்கிவிட்டுக் காபூல் திரும்பியவர்கள், ஜூலை 19 அன்று வாடகைப் பேருந்தில் காந்தகாருக்குக் கிளம்பினார்கள். ஏறக்குறைய 480 கிலோமீட்டர். பகலிலேயே அந்தச் சாலையில் வெளிநாட்டார் போகத் தயங்கிய காலம். முந்தைய நாள்தான் அதே சாலைப் பக்கம், வர்தக் மாகாணத்தில், இரண்டு ஜெர்மானியரைக் கடத்தியிருந்தார்கள். பேருந்து கஜினி மாகாணத்துக்குள் நுழைந்தது. நம் பள்ளிப் பாடத்தில் படித்த கஜினி முகமதுவின் ஊர். கராபாக் என்ற வட்டாரத்தில் துப்பாக்கியோடு வந்தவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். தங்களுக்குத் தகவல் சொல்லாமல் இந்தப் பேருந்து போனது என்று ஆப்கான் காவல்துறை பிறகு சொன்னது.

தலிபான் முதலில் கேட்டது, ஆப்கானிஸ்தானில் இருந்த ஏறக்குறைய 200 கொரியப் படையினர் வெளியேற வேண்டும் என்று. அவர்கள் மருத்துவர்களும் பொறியாளர்களும். பிறகு, சிறையில் உள்ள தங்கள் ஆட்களை விட வேண்டும் என்றது. அந்தக் கைதிகள் ஆப்கான் அரசின் கையில். அந்த மார்ச்சில்தான் ஓர் இத்தாலியப் பத்திரிகையாளருக்காக ஐந்து தலிபான்களை விட்டுவிட்டு, உலக நாடுகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, இனி இப்படிச் செய்ய மாட்டோம் என்று அதிபர் கர்சாய் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த இத்தாலியருடன் போன ஆப்கான் ஓட்டுநரும் மொழிபெயர்ப்பாளரும் கொல்லப்பட்டார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வெளிநாட்டவர் மீண்டார், உள்ளூர்க்காரர் மீளவில்லை.

ஜூலை 25. குழுவை நடத்திச் சென்ற போதகரைச் சுட்டுக் கொன்று சாலையோரம் போட்டார்கள். அன்று அவருக்கு 42-ஆவது பிறந்தநாள். சில நாளில் 29 வயது இளைஞர் ஒருவரையும் கொன்றார்கள். இருவர் உடலும் ஊர் வந்தபிறகு மருத்துவக் கல்விக்குத் தானமாகக் கொடுக்கப்பட்டன.

மிச்சப் பேரைச் சிறு சிறு குழுவாகப் பிரித்து, இடம் மாற்றி மாற்றி வைத்திருந்தார்கள். ரொட்டியும் உருளைக்கிழங்கும் சாப்பாடு. ஒரு பெண், தான் உடுத்தியிருந்த வெள்ளைக் கால்சட்டையின் உட்புறத்தில் நாள்குறிப்பு எழுதி வைத்திருந்தார். ஆகஸ்ட் 13 அன்று நோயுற்றிருந்த இரண்டு பெண்களை விடுவித்தார்கள். அப்போது தனக்குக் கிடைத்த வாய்ப்பை ஒரு பெண் இன்னொருத்திக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அங்கேயே தங்கினார் என்று செய்தி வந்தது. கொரியாவில் குடும்பங்கள் இரவு பகலாகத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தன. கொரிய மொழியில் அம்மா 'ஓம்மா', அப்பா 'அப்பா'தான். அந்த நாள்களின் ஒலிப்பதிவில் ஒரு தாயின் அழுகையைக் கேட்டால் நமக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

பேச்சுவார்த்தை கஜினியில் செம்பிறைச் சங்க அலுவலகத்தில் நேருக்கு நேர் நடந்தது. ஆகஸ்ட் 28 அன்று உடன்பாடு. கொரியப் படை ஆண்டு முடிவதற்குள் போய்விடும். அது முன்பே எடுத்த முடிவுதான். கொரிய மிஷனெரிகள் இனி வர மாட்டார்கள். தொண்டு நிறுவனத்தில் இருக்கும் கொரியர்களும் வெளியேறுவார்கள். 29-ஆம் தேதி 12 பேர், 30-ஆம் தேதி 7 பேர் வந்தார்கள்.

யாருடைய பாக்கி?

செப்டம்பர் 2 காலை, அதே இஞ்சியோன் விமான நிலையம். 19 பேர் தலை குனிந்து வரிசையாக நின்றார்கள். நாட்டுக்கும் மக்களுக்கும் பெரிய கடன்பட்டுவிட்டோம், மன்னியுங்கள் என்று அவர்கள் சார்பில் ஒருவர் சொன்னார். ஏழு வாரம் முன்பு கடன் அடைக்கக் கிளம்பியவர்கள், கடனாளியாகத் திரும்பி நின்றார்கள்.

பேச்சுக்குச் சொன்ன கடன் மட்டுமல்ல. விமானக் கட்டணம் முதலான செலவுகளைத் திருப்பிக் கொடுக்கும்படி அரசு சபையிடம் கேட்டது. சபை ஒப்புக்கொண்டது. கொல்லப்பட்ட இளைஞரின் குடும்பம், அரசு காப்பாற்றத் தவறிவிட்டது என்று வழக்குப் போட்டுத் தோற்றது. ஆகஸ்டிலேயே ஆப்கானிஸ்தான், ஈராக், சோமாலியா மூன்றுக்கும் அனுமதியில்லாமல் போனால் ஓராண்டு வரை சிறை என்று சட்டம் வந்துவிட்டது. அங்கே போயிருந்தது சேவைக்கா, மதப் பிரசாரத்துக்கா என்று கொரியாவில் நீண்ட சண்டை நடந்தது. மருந்து கொடுக்கவும் குழந்தைகளோடு இருக்கவும் போனார்கள் என்றது சபை. எனக்கு அந்தச் சண்டையில் பெரிய பொருள் தெரியவில்லை. மருந்து கொடுத்த கையும் ஜெபித்த கையும் ஒரே பிள்ளையின் கைதான். அவளைத் துப்பாக்கி முனைக்கு அனுப்பியது எது என்பதுதான் கேள்வி.

என் பதில் இது. கடன் என்ற சொல்லைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், அதன் பாதியை மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். அண்டர்வுட்டின் கப்பலைச் சொன்னார்கள். அவர் மொழி கற்க உட்கார்ந்த ஆண்டுகளைச் சொல்லவில்லை. ரூபி கெண்ட்ரிக்கின் மரணத்தைச் சொன்னார்கள். அவர் மொழி படித்துத் தங்கவென்றே வந்தவர் என்பதை அழுத்திச் சொல்லவில்லை. கடன் அடைக்கிறவன் கடன் கொடுத்தவனிடம் கணக்குக் கேட்பான். என்ன வேண்டும், எப்போது வேண்டும், நான் வந்தால் உனக்கு ஆபத்தா என்று கேட்பான். அந்தக் கேள்வியை ஆப்கானியர் யாரிடமும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 2006-ல் அவர்கள் அரசாங்கமே சொன்ன பதில் தயாராக இருந்தது.

விலை கொடுத்தவர்களில் ஆப்கானியரும் உண்டு. உடன்பாட்டின்படி கொரியத் தொண்டர்கள் அத்தனை பேரும் போய்விட்டார்கள். ஆண்டுக்கணக்கில் தங்கி வேலை செய்தவர்கள், இந்தப் பத்து நாள் பயணத்தோடு சம்பந்தமே இல்லாதவர்கள், நோயாளியைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று.

நீண்ட நாள் தங்கினால் பாதுகாப்பு என்று நான் சொல்ல வரவில்லை. கண் மருத்துவப் பணியில் முப்பது ஆண்டுக்கு மேல் ஆப்கானிஸ்தானில் வாழ்ந்த, தாரி மொழியைத் தாய்மொழிபோலப் பேசிய டாம் லிட்டிலையும் அவரோடு போன ஒன்பது பேரையும் 2010 ஆகஸ்டில் படக்ஷானில் கொன்றார்கள். இறந்தவர்களில் இருவர் ஆப்கானியர். நம் சிவகங்கைச் சீமையைச் சேர்ந்த இயேசு சபைப் பாதிரியார் அலெக்சிஸ் பிரேம்குமாரை மறந்திருக்க மாட்டீர்கள். தமிழ்நாட்டில் ஈழ அகதிகளுக்கிடையே பணி செய்துவிட்டு ஆப்கானிஸ்தான் போனவர். 2014 ஜூன் 2 அன்று ஹெராத் அருகே, அகதிகளாய்ப் போய்த் திரும்பி வந்தவர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியைப் பார்க்கப் போன இடத்தில் கடத்தினார்கள். எட்டு மாதத்துக்கு மேல் சிறைப்பட்டிருந்து 2015 பிப்ரவரி 22 அன்று விடுபட்டார். இவர்களுக்கும் ஆபத்து வந்தது. ஆனால் இவர்களை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லித் தெரியும். ஒரு கண் தெளிந்தது, ஒரு வகுப்பறை நடந்தது என்று அங்கே மிச்சம் இருந்தது. தரங்கம்பாடிக் கரையில் 1706-ல் வந்து இறங்கிய மிஷனெரி சீகன்பால்குவுக்கும் ஏறக்குறைய இருபத்து நான்கு வயதுதான். சின்னப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து தமிழ் எழுத்துப் பழகினார். 1719-ல் இறக்கும்வரை தரங்கம்பாடிதான் அவர் வீடு. இளமை ஒரு குறையே அல்ல. மணலில் உட்கார நேரம் கொடுக்காமல் அனுப்புவதுதான் குறை.

நம் சபைகளிலிருந்தும் இப்போது பிள்ளைகள் வெளிநாட்டு மிஷன் பயணம் போகிறார்கள். அனுப்புகிற மூப்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பயிற்சிக் கூட்டத்தில் அந்த நாட்டுக்காரர் ஒருவரை உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். வராதீர்கள் என்று அவர் சொன்னால், அதையும் தேவசித்தமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உல்சான்

இந்தக் கதையில் இன்னும் ஒரு முறை இஞ்சியோன் வருகிறது.

2010-ல் கொரிய அரசு ஆப்கானிஸ்தானுக்குத் திரும்பிப் போனது. பக்ராமில் ஒரு மருத்துவமனையும் தொழிற்பயிற்சி மையமும் நடத்தியது. அங்கே வேலை பார்த்தவர்கள் ஆப்கானிய மருத்துவர்கள், நர்சுகள், ஆசிரியர்கள். 2021 ஆகஸ்டில் தலிபான் மீண்டும் காபூலைப் பிடித்ததும், அவர்களையும் அவர்கள் குடும்பங்களையும் கொரிய ராணுவ விமானங்கள் ஏற்றி வந்தன. ஏறத்தாழ 390 பேர். பெரும்பங்கு குழந்தைகள். ஆகஸ்ட் 26 அன்று முதல் விமானம் இறங்கியது இஞ்சியோனில்.

அவர்களில் 29 குடும்பங்கள், 157 பேர், தென்கிழக்கே உல்சான் என்ற கப்பல் கட்டும் நகரத்தில் குடியேறினார்கள். குடும்பத் தலைவர்களுக்குக் கப்பல் கட்டும் தளத்தில் வேலை. பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்கப் போனபோது உள்ளூர்ப் பெற்றோர் சிலர் எதிர்ப்புக் காட்டினார்கள். நகரின் கல்வித் தலைவராக இருந்த நோ ஓக்-ஹீ என்ற அம்மையார் பெற்றோர்களிடம் பொறுமையாகப் பேசினார். 2022 மார்ச்சில் முதல் நாள் காலை, ஆப்கான் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரை அவரே நடந்து போனார்.

கடன் அடைக்க நினைக்கிறவர்களுக்கு, சியோலிலிருந்து உல்சானுக்கு ரயிலில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம்.